பழைய படங்களில் ஒரு பல்கலைக் கழகம்

பல்கலைக் கழகம் என்றவுடன் நம்மில் பலருக்கு நினைவில் எழுவது கறுப்பு அங்கியும் சதுரத் தொப்பியும் அணிந்த ஒரு படந்தான். அங்கே படித்த பிள்ளை ஒன்று வீட்டில் இருந்தால், அந்தப் படம் கூடத்தில் சாமி படங்களுக்குப் பக்கத்திலேயே தொங்கும். அப்படிப் பிள்ளை இல்லாத வீட்டுக்குப் பல்கலைக் கழகம் என்பது எங்கோ பட்டணத்தில் நடக்கின்ற சங்கதி. இன்று நாம் மலாயாப் பல்கலைக் கழகத்தின் வரலாற்றோடு ஒட்டிய சில பழைய படங்களைப் பார்க்கப் போகிறோம். வானொலியில் படம் பார்ப்பதா என்று நீங்கள் கேட்கலாம். நாம் சொல்லிக்கொண்டே போகிறோம்; நீங்கள் மனத்திலே மாட்டிக்கொண்டே வாருங்கள்.

முதலில் பழைய படத்தை எப்படிப் பார்ப்பது என்று சொல்லிவிடுவோம். உங்கள் தோட்டத்து ஆபீசிலோ பழைய கிராணியார் வீட்டிலோ ஒரு குழுப்படம் இருக்கும். நடுநாயகமாக நாற்காலியில் துரை அமர்ந்திருப்பார். இரு பக்கமும் கிராணிமார்களும் டிரெசரும். பின்னால் நிற்பவர்கள் கண்டக்டர்களும் மண்டோர்களும். பால் மரம் வெட்டியவர்கள் படத்திலேயே இருக்க மாட்டார்கள். இருந்தாலும் கீழே எழுதிய பெயர்ப் பட்டியலில் இருக்க மாட்டார்கள். பல்கலைக் கழகப் படங்களும் ஏறக்குறைய இதே ஒழுங்கில்தான் எடுக்கப்பட்டன. ஆகவே யார் நடுவில் இருக்கிறார் என்று மட்டும் பார்த்தால் போதாது. யாருடைய பணத்தில், யாருடைய உழைப்பில் அந்த நாற்காலி போடப்பட்டது என்றும் கேட்க வேண்டும்.

இனி முதற் படத்துக்கு வருவோம். இவர் டான் ஜியாக் கிம் என்ற சீனப் பெருவணிகர். 1904ஆம் ஆண்டில் சிங்கப்பூரின் சீனச் சமூகத் தலைவர்கள், இங்கேயே பிள்ளைகள் மருத்துவம் படிக்க ஒரு பள்ளி வேண்டும் என்று ஆளுநருக்கு மனுக் கொடுத்தார்கள். அதற்குத் தலைமை தாங்கியவர் இவர். அரசாங்கமோ பணம் திரட்டிக் காட்டுங்கள் என்றது. அவர்கள் திரட்டிய தொகை 87,077 வெள்ளி. அதில் 12,000 வெள்ளியை டான் ஜியாக் கிம்மே கொடுத்தார். 1905ஆம் ஆண்டு ஜூலை 3ஆம் நாள் பாடம் தொடங்கியது. மாணவர்கள் 23 பேர். கட்டடம் எது தெரியுமா? மனநோய் கண்ட பெண்களை வைத்திருந்த பழைய விடுதி. அது இருந்த இடத்துக்குச் சிப்பாய் லைன்ஸ் என்று பெயர். கும்பெனி காலத்தில் இந்தியாவிலிருந்து வந்த சிப்பாய்கள் பாளையம் இறங்கிய இடம் அது. நாம் குடியிருந்த லயங்களுக்கும் அந்த 'லைன்' என்ற சொல்லே மூலம் என்பதை நினைத்துக் கொள்ளுங்கள். 23 பேரில் தொடங்கிய அந்தப் பள்ளியிலிருந்து 1910இல் முதன் முதலாக வெளிவந்தவர்கள் 7 பேர்.

அடுத்த படம் நம் கவனத்துக்கு மிகவும் உரியது. மருத்துவப் பள்ளிக்கு 1911இல் ஓர் அழகிய கட்டடம் எழுந்தது. அதன் பெயர் டான் டெக் குவான் கட்டடம். தந்தையின் நினைவாக அதைக் கட்டிக் கொடுத்தவர் மலாக்காவைச் சேர்ந்த டான் சாய் யான். இவர் யார்? 1896இல் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் கன்றுகளை நட்டவர். மலாயாவில் ரப்பரை வாணிபப் பயிராக முதன்முதல் பயிரிட்டவர் என்று சரித்திர நூல்கள் கூறுபவர். சிங்கப்பூர்ப் பூந்தோட்டத்தின் தலைவராக இருந்த ரிட்லி என்பவர், கோப்பித் தோட்டக்காரர்களிடமெல்லாம் ரப்பர் நடுங்கள் என்று சொல்லி அலைந்த காலத்தில், அவர் சொல்லைக் கேட்டு நிலத்தில் இறங்கியவர் டான் சாய் யான். பின்னர் புக்கிட் அசஹானில் இன்னும் பெரிய தோட்டமும் போட்டார்.

ஆக, இந்த நாட்டு உயர்கல்வியின் முதற் கட்டடங்களில் ஒன்று ரப்பர்ப் பணத்தில் எழுந்தது. ரப்பர்ப் பணம் மரத்தில் தானாகக் காய்ப்பதில்லை. விடியுமுன் பெரட்டுக்கு நின்று, கொசுக்கடியில் பால் வெட்டி, வாளி சுமந்தால்தான் அது பணமாகும். மலாயா நாட்டு ரப்பர்த் தோட்டங்களில் அவ்வாறு உழைத்தவர்களில் பெரும்பகுதியினர் நம் தமிழ் மக்கள். நம் பள்ளியில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இந்தக் கட்டடத்தின் படத்தைக் காட்டினோம். ஒரு சிறுமி எழுந்து, "இதில் நம்ம ஆளுங்க எங்கே சார் நிக்கிறாங்க?" என்று கேட்டாள். தூண்களையும் சுவரையும் சுட்டிக் காட்டினோம். அவளுக்கு அது திருப்தியாகப்படவில்லை. அந்த அதிருப்தி நியாயமானதுதான்.

மருத்துவப் பள்ளி பின்னர் ஏழாம் எட்வர்டு மருத்துவக் கல்லூரியாயிற்று. 1928இல் கலையும் விஞ்ஞானமும் கற்பிக்க ராபிள்ஸ் கல்லூரி தொடங்கிற்று. 1940ஆம் ஆண்டு வாக்கில் அங்கே மாணவர்களாக இருந்தவர்களின் படத்தை இன்று பார்த்தால் வியப்பாக இருக்கும். பின்னாளில் மலேசியாவின் பிரதமரான துன் அப்துல் ரசாக் ஒருவர். சிங்கப்பூரின் பிரதமரான லீ குவான் இயூ மற்றொருவர். ஒரே கல்லூரியில் ஒரே காலத்தில் இருந்தவர்கள். மருத்துவக் கல்லூரியிலோ, போருக்குப் பின் 1947இல் டாக்டர் மகாதீரும் டாக்டர் சித்தி ஹஸ்மாவும் சேர்ந்தார்கள். இவர்களைப் பற்றி எல்லாப் பாடநூல்களிலும் இருப்பதால் நாம் இங்கே தங்கவில்லை.

இரண்டு கல்லூரிகளையும் இணைத்துப் பல்கலைக் கழகமாக்கலாம் என்று 1947இல் கார் சாண்டர்ஸ் தலைமையில் வந்த குழு பரிந்துரைத்தது. 1949ஆம் ஆண்டு அக்டோபர் 8ஆம் நாள் சிங்கப்பூரில் மலாயாப் பல்கலைக் கழகம் பிறந்தது. முதல் வேந்தர் மால்கம் மெக்டோனல்டு. தென்கிழக்காசியாவுக்கான பிரிட்டிஷ் தலைமை ஆணையராக இருந்தவர். துணைவேந்தர் சர் ஜார்ஜ் ஆலன். விழாக்களில் எடுத்த படங்களில் இவர்களே நடுவில் இருப்பார்கள்.

ஆனால் அந்த வரிசையில் வேறொருவரை நாம் தேடிப் பார்க்க வேண்டும். அலெக்சாண்டர் ஓப்பன்ஹைம் என்ற கணிதப் பேராசிரியர். 1931இல் ராபிள்ஸ் கல்லூரிக்கு வந்தவர். 1957 முதல் 1965 வரை துணைவேந்தராக இருந்தவர். இளவயதில், 1929இல், எண்களைப் பற்றி ஒரு கருத்தை முன்வைத்தார். அது சரிதான் என்று நிறுவ உலகத்துக் கணித மேதைகளுக்கு ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது. 1987இல் ருஷ்யரான மார்குலிஸ் அதை நிறுவினார். ஓப்பன்ஹைம் அப்போது உயிரோடு இருந்தார். போட்ட கணக்கின் விடையைக் கண்ணால் காண அவ்வளவு காலம் காத்திருந்தவர் இவரைப் போல் அதிகம் பேர் இருக்க மாட்டார்கள்.

ஜப்பானியர் 1942இல் சிங்கப்பூரைப் பிடித்தபோது ஓப்பன்ஹைம் சாங்கியில் போர்க் கைதியானார். பசியும் நோயும் சூழ்ந்த அந்த முகாமுக்குள்ளே கைதிகள் ஒரு பல்கலைக் கழகம் நடத்தினார்கள். ஓப்பன்ஹைம் அங்கே கல்வித் தலைவர்களில் ஒருவர். சில மாதங்களில் கைதிகள் கூட்டங்கூட்டமாகச் சயாம் ரயில் பாதை போட அனுப்பப்பட்டார்கள்; வகுப்புகள் கலைந்தன.

சயாம் என்ற சொல்லைக் கேட்டவுடன் வீட்டில் உள்ள பாட்டிமார்கள் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார்கள். அதே ரயில் பாதைக்குத்தான் நம் தோட்டங்களிலிருந்து தமிழர்களைப் பல்லாயிரக் கணக்கில் கொண்டு போனார்கள். வெள்ளைக்காரக் கைதிகள் நாட்குறிப்பு எழுதினார்கள், படம் வரைந்தார்கள், இறந்தவர்களின் பெயரைப் பதிந்து வைத்தார்கள். போருக்குப் பின் பெயர் பொறித்த கல்லறைகள் எழுந்தன. நம்மவர்க்கு அப்படிப் பெயர்ப் பட்டியல் எழுதி வைத்தார் இல்லை. எழுதத் தெரிந்திருந்தால் எழுதியிருப்பார்களே என்று நாம் சில சமயம் எண்ணுவதுண்டு. பள்ளிக்கூடம் வேண்டும் என்று நம் பெரியவர்கள் துரையிடம் போய் நின்றதற்குப் பின்னால் இப்படியும் ஒரு காரணம் இருந்தது என்றே நாம் கருதுகிறோம்.

இன்னொரு படம். 1954இல் மலாயாப் பல்கலைக் கழகத்தில் சமூகவியல் பட்டயத்தைச் சிறப்பு நிலையில் பெற்ற ஓர் இளைஞர். வயது முப்பதை எட்டிவிட்டது. மற்ற மாணவர்களை விட மூத்தவர். பெயர் செல்லப்பன் ராமநாதன். உலகம் அறிந்த பெயர் எஸ். ஆர். நாதன். 1924இல் பிறந்தவர், சிறுபிராயம் மூவாரில் கழிந்தது. தந்தையார் ரப்பர்த் தோட்டங்களுக்கு வேலை செய்த வழக்கறிஞர் அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவர். 1930களில் ரப்பர் விலை விழுந்தபோது கடனில் மூழ்கினார். தம் உயிரைத் தாமே முடித்துக் கொண்டார். மகனுக்கு அப்போது எட்டு வயது. பின்னர் அந்தப் பையன் பள்ளியிலிருந்து விலக்கப்பட்டான்; வீட்டை விட்டும் ஓடினான்; கிடைத்த வேலையைச் செய்தான். அஞ்சல் வழிப் பாடங்களைப் படித்துப் பள்ளிப் படிப்பை முடித்தான். அதன் பிறகே பல்கலைக் கழகம். வெளிவந்ததும் ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் குடும்பக் கஷ்டங்களைக் கவனிக்கும் பணி. அப்புறம் கப்பல் தொழிலாளர்களின் நலன் பார்க்கும் பணி. 1999 முதல் 2011 வரை அவர் சிங்கப்பூரின் அதிபர். 2016இல் காலமானார். நாதன் பெரிய மனிதரானார் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. பதினாறு வயதில் படிப்பை விட்ட பிள்ளையைப் பார்த்து "இனி இதற்கு என்ன படிப்பு" என்று நம் வீடுகளில் சொல்லி விடுகிறார்கள். அந்தப் பேச்சைக் கேட்கும்போதெல்லாம் நமக்கு இந்தப் படம் ஞாபகம் வருகின்றது.

இனி, இன்றைய பேச்சின் முக்கியமான பகுதிக்கு வருகிறோம். 1950களின் நடுவில் மலாயாப் பல்கலைக் கழகத்தில் இந்திய ஆய்வியல் துறை ஒன்றைத் தொடங்க ஏற்பாடு நடந்தது. அதற்கு யோசனை சொல்ல வந்தவர் பேராசிரியர் நீலகண்ட சாஸ்திரியார். சோழர் வரலாற்றை எழுதிய பேரறிஞர். கடாரத்தையும் ஸ்ரீவிஜயத்தையும் பற்றி நாம் இன்று பேசுவதில் பாதி அவருடைய உழைப்பால் கிடைத்தது. அவருடைய படத்துக்கு முன் நாம் மரியாதையோடுதான் நிற்கிறோம். ஆயினும் அவர் சொன்ன யோசனை நம் மக்களுக்கு ஏற்புடையதாக இல்லை. இந்திய நாகரிகம் முழுவதையும் ஆராய்வதற்குச் சமஸ்கிருதமே அடிப்படை மொழியாக இருக்க வேண்டும் என்பது அவர் கருத்து.

அறிஞர்கள் பார்வையில் அதற்கும் காரணம் உண்டு. ஆனால் இந்த மண்ணில் வாழ்ந்த இந்தியர்களில் மிகப் பெரும்பாலோர் தமிழர். கோயிலில், கடையில், லயத்தில், பெரட்டில் பேசியது தமிழ். தோட்டப் பள்ளிகளில் ஆறாம் வகுப்போடு நின்று போன மொழிக்கு, பல்கலைக் கழகத்தின் கதவு திறப்பதா மூடுவதா என்பதே அன்றைய கேள்வி. கதவு மூடியிருந்தால் பின்னாளில் தமிழில் பட்டம் பெற்ற ஆசிரியர்களையும் ஆராய்ச்சியாளர்களையும் இந்த நாடு தானே உண்டாக்கிக் கொண்டிருக்க முடியாது. நம்மைப் போன்ற பயிற்சிக் கல்லூரி ஆசிரியர்களுக்குக் கற்பித்த விரிவுரையாளர்கள் எங்கிருந்து வந்திருப்பார்கள் என்று நாம் எண்ணிப் பார்ப்பதுண்டு.

இங்கேதான் கோ. சாரங்கபாணியின் படத்தை மாட்ட வேண்டும். அவர் பல்கலைக் கழகத்தில் படித்தவர் அல்லர். பாடம் சொன்னவரும் அல்லர். 1903இல் திருவாரூரில் பிறந்து, 1924இல் சிங்கப்பூருக்கு வந்து, 1935இல் தமிழ் முரசைத் தொடங்கிய பத்திரிகையாளர். தமிழர் திருநாளை ஊர் ஊராகக் கொண்டாட வைத்தவர். பிள்ளைகளுக்கு மாணவர் மணிமன்றம் நடத்தியவர். துறையிலே தமிழே இடம்பெற வேண்டும் என்று அவர் முரசில் இடைவிடாது எழுதினார். எழுதியதோடு நிற்கவில்லை. கேட்கிறவன் கையை வீசிக்கொண்டு போகக்கூடாது என்று நினைத்தார் போலும். பல்கலைக் கழக நூலகத்துக்குத் தமிழ் நூல்கள் வாங்கித் தருவோம் என்று 'தமிழ் எங்கள் உயிர்' என்ற நிதியைத் தொடங்கினார்.

அந்த நிதிக்குக் கொடுத்தவர்கள் வணிகப் பெருமக்கள் மட்டும் அல்லர். துறைமுகத் தொழிலாளியும் நகரசுத்தித் தொழிலாளியும் தோட்டத் தொழிலாளியும் கொடுத்தார்கள். டான் ஜியாக் கிம் ஒருவரே 12,000 வெள்ளி கொடுத்ததைச் சொன்னோம். அது பெரிய மனம். ஆனால் அரிசிக்கும் மண்ணெண்ணெய்க்கும் எண்ணி வைத்த காசில் ஒன்றை எடுத்து, தாம் ஒரு நாளும் காலடி வைக்கப் போகாத நூலகத்துக்குக் கொடுப்பது வேறு வகை. அதிலும் கொடுத்தவர்களில் பலருக்கு அந்த நூல்களைப் படிக்கத் தெரியாது. இவர்களைக் குழுப்படம் எடுத்து வைத்தவர் யாரும் இல்லை.

1956இல் இந்திய ஆய்வியல் துறை தொடங்கிற்று. தமிழ் அதில் இடம்பெற்றது. 1959இல் பல்கலைக் கழகம் சிங்கப்பூர், கோலாலம்பூர் என்று இரண்டு பிரிவாயிற்று. துறை கோலாலம்பூருக்கு வந்தது. 1962இல் இரண்டும் தனித்தனிப் பல்கலைக் கழகங்களாயின. கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக் கழகத்தின் வேந்தராகத் துங்கு அப்துல் ரஹ்மான் பொறுப்பேற்றார்.

துறையின் படங்களில் பாதிரியார் கோலத்தில் ஒருவர் அடிக்கடி தென்படுவார். அவர்தாம் தனிநாயக அடிகள். யாழ்ப்பாணத்தை அடுத்த கரம்பனில் 1913இல் பிறந்தவர். கத்தோலிக்கக் குருவான பின், வயது வந்த பிறகே தமிழை ஆழமாகக் கற்க அண்ணாமலைப் பல்கலைக் கழகத்துக்குப் போனவர். இதைக் குறிப்பாகச் சொல்லக் காரணம், தமிழ் தம் வீட்டில் கிடைக்கிறதே, படிப்பானேன் என்று நினைக்கும் பிள்ளைகளுக்காக. அவரோ உலக மொழிகள் பலவற்றைக் கற்றும், தமிழை மாணவராக உட்கார்ந்து கற்றார். 'தமிழ்க் கல்ச்சர்' என்ற ஆங்கில ஆராய்ச்சி ஏட்டை 1952இல் தொடங்கி உலக அறிஞர்களைத் தமிழின் பக்கம் திருப்பினார். 1679இல் அம்பலக்காட்டில் அச்சான தமிழ் போர்த்துக்கீசிய அகராதியின் பிரதியொன்றை வத்திக்கான் நூலகத்தில் கண்டார். அச்சாகி ஏறக்குறைய முந்நூறு ஆண்டாகியும் தமிழுலகம் மறந்துவிட்ட நூல் அது. 1966இல் கோலாலம்பூரிலிருந்து அதை மறுபடி வெளியிட்டார்.

அவர் 1961இல் மலாயாப் பல்கலைக் கழகத்துக்கு வந்து துறைத் தலைவரானார். 1964இல் புதுடில்லியில் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் தோன்றியது. அதை உருவாக்கியவர்களில் அவர் முதன்மையானவர். அதன் முதல் மாநாடு எங்கே நடந்தது? சென்னையில் அன்று, மதுரையில் அன்று, யாழ்ப்பாணத்திலும் அன்று. 1966ஆம் ஆண்டு ஏப்ரலில் நம் கோலாலம்பூரில். பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் தொடங்கி வைத்தார். சென்னை மாநாடு 1968இல்தான் வந்தது, பாரிசில் 1970இல், யாழ்ப்பாணத்தில் 1974இல்.

மலாய்க்காரப் பிரதமர், இலங்கைத் தமிழ்ப் பாதிரியார், தமிழகத்து முதலமைச்சர் பக்தவத்சலம், ஐரோப்பிய அறிஞர்கள் என்று ஒரே மாநாட்டில் கூடினார்கள். பத்தாண்டுகளுக்கு முன் தமிழுக்கு இடம் உண்டா என்று வாதாடிய அதே பல்கலைக் கழகந்தான். இந்த மாற்றத்துக்கு அடிகளாரின் அறிவும் காரணம். சாரங்கபாணியின் பிடிவாதமும் காரணம். பெயர் எழுதாத காசுகளும் காரணம். அடிகளார் 1980இல் மறைந்தார். சாரங்கபாணி அதற்கு முன்பே 1974இல் மறைந்தார்.

இறுதியாக ஒரு படம். 1968 முதல் 1988 வரை துணைவேந்தராக இருந்த அரச பேராசிரியர் உங்கு அசீஸ். அந்தப் பதவிக்கு வந்த முதல் மலேசியர். பொருளாதார அறிஞர், ஏழை மக்களின் வாழ்க்கையை ஆராய்ந்தவர். அரச குடும்பத்தில் பிறந்தவராயினும் கிராமத்து வீடுகளுக்குள் போய் உட்கார்ந்து கணக்கெடுத்தார். வறுமையை அளக்க அவர் கண்ட வழி பெரிய சூத்திரம் அன்று. ஒரு வீட்டில் எத்தனை சாரோங் இருக்கின்றது, எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எண்ணினார். ஆளுக்கு இத்தனை என்று வகுத்தார். வருமானத்தைக் கேட்டால் கூட்டியும் குறைத்தும் சொல்வார்கள். கொடியில் காயும் துணி பொய் சொல்லாது. குளிர்ந்தால் போர்வை, குளித்தால் மாற்று, குழந்தைக்குத் தொட்டில் எல்லாம் சாரோங்தானே. 2020ஆம் ஆண்டு டிசம்பரில், 98 வயதில் அவர் காலமானார். நம் பள்ளியில் வகுத்தல் கணக்குக்கு இதையே உதாரணமாக வைப்பதுண்டு. பிள்ளைகள் வீட்டுக்குப் போய்க் கைலி எண்ணிக்கொண்டு வருகிறார்கள். ஒருவன் அப்பாவின் கைலி ஆறு, அம்மாவின் சேலை மூன்று என்று எழுதிக்கொண்டு வந்தான். அந்தக் கணக்கை நாம் வகுப்பில் சத்தமாக வாசிக்கவில்லை.

நேரம் நெருங்கிவிட்டது. உங்கள் பெட்டியிலும் பழைய படங்கள் இருக்கும். தோட்டப் பள்ளியின் முதல் கட்டடம், திருவிழா, சங்கக் கூட்டம், ஒரு பிள்ளையின் பட்டமளிப்பு விழா என்று ஏதாவது இருக்கும். பெரியவர்களை உட்கார வைத்து, இடமிருந்து வலமாக யார் யார் என்று கேளுங்கள். தோட்டத்தின் பெயர், ஆண்டு, ஆட்களின் பெயர், அவர்கள் செய்த வேலை எல்லாவற்றையும் படத்தின் பின்புறத்தில் பென்சிலால் மெல்ல எழுதுங்கள். பேனா மை ஊறி முன்பக்கம் தெரியும். பென்சிலை அழுத்தினால் தடம் விழும். ஒட்டுப் பசையால் ஆல்பத்தில் ஒட்டாதீர்கள், பூச்சி அரிக்கும். தோட்டங்கள் துண்டாடப்பட்டும் விற்கப்பட்டும் போனபின், பல இடங்களில் மிஞ்சியிருப்பது இந்தப் படங்கள்தான். பின்பக்கத்தில் எழுத இடம் போதாவிட்டால், தனித்தாளில் எழுதிப் படத்தோடு ஓர் உறையில் போட்டு வையுங்கள்.